காலர் மட்டும் காய்ந்த சட்டை

பூம்பொழில் நகர்ப் பூங்காவுக்கு ஏரி திரும்பி வந்தது ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை விடியற்காலையில், சிரிப்பு மன்றத்துக்காரர்கள் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி மூன்றாவது சுற்றுச் சிரிப்பைத் தொடங்கியிருந்த நேரத்தில். வந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அதில் தண்ணீர் இல்லை, தரை எப்போதும்போலப் புழுதியாகக் கிடந்தது, சறுக்கு மரத்தடியில் நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சிரித்து முடித்துக் கைகளை இறக்கியபோது பதினான்கு பேருக்கும் உடுப்பு இடுப்புவரை நனைந்திருந்தது, குள்ளமான இருவருக்கு மட்டும் மார்புவரை. நனைந்த இடத்துக்கும் காய்ந்த இடத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு கோடு ஓடியது, அதிலிருந்து பாசியும் களிமண்ணும் கலந்த வாடை வந்தது.

அந்த இடம் நாற்பது வருடங்களுக்கு முன்னால் சித்தேரியாக இருந்ததும், ஊர்க் குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டி அதைத் தூர்த்து மனை போட்டதும், எந்த மனைக்கும் ஆகாத ஆழமான நடுப்பள்ளத்தைப் பூங்கா என்று விட்டதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பதால் யாரும் அதிசயப்படவில்லை. வந்தது வந்துவிட்டது, இனி எந்த நேரத்தில் நடக்கப் போவது என்பதுதான் பேச்சாக இருந்தது. கோழி கூவும் நேரத்தில் வரும், வெயில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தொடும்போது போய்விடும், மூச்சை அடைக்காது, உடம்பைத் தள்ளாது, துணியை மட்டும் நனைக்கும் என்பதை ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டார்கள். கீரைக்காரப் பெண் பூங்காவைக் குறுக்கே கடக்கும்போது கூடையைத் தலைக்கு ஏற்றினாள். பிள்ளையார் கோயில் குருக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். நாய்கள் மூக்கை உயர்த்திக்கொண்டு நடக்கப் பழகின. சிரிப்பு மன்றத்துக்காரர்கள் நைலான் கால்சட்டைக்கு மாறி, இடுப்பளவு ஏரிக்குள் நின்றபடி முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒருநாள் வந்து, காய்ந்த தரையை அரைமணி நேரம் படம் பிடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு தொல்லை இருந்தது. அந்த ஈரம் வெயிலில் காயாது. மொட்டை மாடியில் மூன்று நாள் போட்டாலும் கோடு கோடாகவே இருக்கும். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு மட்டும்தான் அது அடங்கியது.

அதனால்தான் ஏகாம்பரத்துக்கு வேலை கூடியது. பூங்காவின் தெற்கு மூலையில், சாலை சரிந்து மதகுத் தெருவில் இறங்குகிற இடத்தில், இருபத்திரண்டு வருடங்களாக அவருடைய தள்ளுவண்டி நின்றது. அவர் தேய்ப்பார், மனைவி அம்சா வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவாள், காலரின் உள்பக்கம், காலர் இல்லாததற்கு விளிம்பில், அழியாத மையால் குறி போடுவாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் இருநூற்றுச் சொச்சம் வீட்டுக்கும் அவளிடம் தனித்தனிக் குறி உண்டு. நலச் சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டியன் வீட்டுக்கு மூன்று புள்ளியும் ஒரு வாலும். எதற்கு வால் என்று ஏகாம்பரம் கேட்டதற்கு, அவர் வாசல்ல நிக்கவெச்சுப் பேசுற தோரணைக்கு அது கம்மி என்றாள்.

இருவரும் குடியிருந்தது மதகுத் தெருவில். ஏரிக்கு மதகு இருந்த காலத்தில் தண்ணீர் வெளியேறிய வாய்க்கால்தான் இப்போது தெரு என்பதால், அந்த வட்டாரத்திலேயே தாழ்ந்த இடம் அதுதான். கார்த்திகை பிறந்ததும் ஏரி பூங்கா வேலியைத் தாண்டியது. முதல் குறுக்குத் தெருவில் கணுக்கால், இரண்டாவதில் முழங்கால், மதகுத் தெருவில் ஏகாம்பரத்துக்கு மார்பு. குள்ளமான அம்சா புடவைக்கு மேல் அவருடைய பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் அடுப்புப் பற்றவைப்பாள். வெயில் வந்து பார்த்தால் புடவை, சட்டை எல்லாம் சொட்டும், காலர் மட்டும் காய்ந்திருக்கும்.

பூங்காவில் நனைந்ததைப் பகிரங்கமாகப் பேசியவர்கள் வீட்டுக்குள் நனைந்ததைப் பேசவில்லை. பக்கத்து வீட்டிலும் ஈரம் என்று எல்லாருக்கும் தெரியும், யார் வாயிலும் வராது. மாநகராட்சி அதற்குள் ஒரு திட்டம் அறிவித்திருந்தது. நகரத்துப் பூங்காக்களை ஒவ்வொன்றாகத் தோண்டி, மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கும் குளமாகவும் மற்ற நாட்களில் நடைபாதையும் மரமுமாகவும் மாற்றப் போகிறார்கள், முதல் பட்டியலில் பூம்பொழில் நகர்ப் பூங்காவும் இருக்கிறது. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதை அளந்துதான் முடிவு செய்வார்கள். அளவில் எந்த வீடு தண்ணீருக்குள் வருகிறதோ அந்த வீட்டின் மேல் வரைபடத்தில் நீலம் பூசப்படும். நீலம் பூசிய வீட்டுக்கு மாடி எடுக்க அனுமதி கிடையாது, அதை வாங்க ஒருவரும் வரமாட்டார்கள். மதகுத் தெருக்காரர்களுக்கு வேறு பயம். நீலம் பூசினால் அவர்களை வீடு வாரியாக லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அடுக்குக் குடியிருப்பில் இறக்கிவிடுவார்கள்.

அளக்க வந்தவள் ஜெசிந்தா என்ற பொறியாளர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று கால் கருவியை நிறுத்தித் தரையின் ஏற்ற இறக்கத்தை எழுதினாள், ஆனால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பதற்குப் பழைய ஏரியின் வரைபடம் வேண்டும், அது அலுவலகத்தில் காணாமல் போயிருந்தது. ஒருநாள் ஏகாம்பரத்தின் வண்டியில் குவிந்திருந்த துணிகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். ஒரு காக்கிக் கால்சட்டையை எடுத்து, கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே டேப் வைத்து அளந்தாள். ஏரி தன் வரைபடத்தைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே அறிவிப்பு ஒட்டினாள்: மார்கழி மாதம் முழுவதும், காலை ஒன்பது மணிக்கு மேல் வீடு வீடாக வருவேன், விடியற்காலையில் உடுத்தியிருந்த துணியை அப்படியே எடுத்துக் காட்டுங்கள், கோட்டை மட்டும் அளந்துகொள்கிறேன்.

அன்று சாயங்காலமே சௌந்தரபாண்டியன் வண்டிக்கு வந்தார். குளம் வந்தால் இந்த மூலையில் வண்டிக்கு இடம் இருக்காது என்பதை முதலில் சொன்னார். புதுப் பூங்காவில் ஓடு பதித்த மேடை ஒன்று கட்டி, அதில் ஒரு கடையை ஏகாம்பரத்துக்கே ஒதுக்கச் சங்கம் எழுதிக் கொடுக்கும் என்பதை அடுத்துச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல ஏகாம்பரம். நீ துணியத்தானே தேய்க்கிற. எட்டரைக்குள்ள தேய்ச்சுக் குடுத்துடு, போதும். துணி காஞ்சிருந்தா அதுக்கு மேல பேச என்ன இருக்கு?"

மார்கழி முதல் தேதி, பனியோடு பனியாக, மூட்டைகள் வந்தன. முதல் குறுக்குத் தெருவின் லுங்கிகள், இரண்டாம் குறுக்குத் தெருவின் இரவு உடைகள், தலையணை உறைகள், ஒரு வீட்டிலிருந்து திரைச்சீலைகூட. ஒருவர் வருவதைப் பார்த்தால் இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்றார். கடைசியில் மதகுத் தெருப் பெண்களும் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, அண்ணாத்தே, எங்களுதையும் காயவெச்சுக் குடுத்துடு, அவ்ளோ தூரம் எங்களால போவ முடியாது என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஏகாம்பரம் யாருக்கும் மறுக்கவில்லை. பெட்டியில் கரி கனன்றது, ஒவ்வொரு கோடாகச் சீறி அடங்கியது, புகையைவிடக் கனமான ஆவி மேலே கிளம்பி வேப்பமரக் கிளைகளில் தயங்கி நின்றது.

அம்சா மட்டும் தன் சட்டையைக் கொடுக்கவில்லை. வீட்டு வாசல் கொடியில், சொட்டச் சொட்ட, தெருவே பார்க்கும்படி தொங்கவிட்டாள்.

"ஊரு துணில இருக்கிற தண்ணியெல்லாம் ஆவியாக்கி அனுப்புறியே, அது எங்கய்யா போயி எறங்கும்?"

"மேல போவும்."

"மேல போனது கீழ வராதா?"

அவர் பெட்டியில் இன்னொரு பிடி கரி அள்ளிப் போட்டார். இருபத்திரண்டு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கால்கள், ஓடு பதித்த மேடையை மனதில் ஏற்கெனவே ஏறிப் பார்த்துவிட்டன. ஜெசிந்தா மதகுத் தெருவுக்கு வருவதாக இருந்த நாளன்று, அம்சா துணி வாங்கப் போன சமயத்தில், அவர் வீட்டுக்குப் போய்க் கொடியிலிருந்து நீலச் சட்டையை உருவிக்கொண்டு வந்தார். தேய்த்தார். நான்கு முறை தேய்க்க வேண்டியிருந்தது. மடித்து, குவியலின் அடியில் வைத்தார்.

மத்தியானம் ஜெசிந்தா வண்டிக்கு வந்து கல்லில் உட்கார்ந்தாள். அவள் நோட்டில் வரிசை வரிசையாகச் சுழி.

"நாலு தெரு சுத்திட்டேன் அண்ணே. ஒரு வீட்டுலயும் ஒரு கோடு இல்ல. உங்க கரி மூட்டை மட்டும் போன மாசம் ஒண்ணு இருந்துச்சு, இப்போ மூணு இருக்கு."

"பனிக்காலம் மேடம். துணி நின்னு காயுது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி, அவங்கள விடுங்க. உங்க வீட்டுல எவ்வளவு வருது? நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும், நான் அதை வெச்சு மத்ததைக் கணக்குப் போட்டுருவேன்."

ஏகாம்பரம் பெட்டியைத் தூக்கி, சாம்பலை ஊதி, மறுபடி வைத்தார்.

"கணுக்கால் மேடம். அதுவும் சரியா இல்ல."

அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த ஒரு சொல்லின் அளவுக்குத்தான் குளம் வெட்டினார்கள். பூங்காவின் நடுவில் நாலடி ஆழம், சுற்றிலும் நடைபாதை, நிரம்பினால் மிச்சம் போவதற்கு மதகுத் தெருப் பக்கம் ஒரு குழாய். கணுக்கால் தண்ணீர் தெருவில் ஓடி வடிந்துவிடும் என்று வரைபடம் சொன்னது, அதில் எங்கும் நீலம் இல்லை. ஆவணியில் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். ஏகாம்பரம் மேடைக்கு ஏறினார். அந்த ஐப்பசியில் ஏரி வரவில்லை. விடியற்காலைகளில் உடுப்புகள் காய்ந்தே இருந்தன. அது திருப்தியாகிப் போய்விட்டது என்று சிலரும், தனக்கென்று ஓர் இடம் கொடுத்ததும் அடங்கிவிட்டது என்று சிலரும் சொன்னார்கள். குருக்கள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, அம்சாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஏகாம்பரம் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அவள் தரையில் சுருண்டு படுத்திருந்தாள்.

"தவுலத்து அக்கா மாடில போயிப் படுத்துக்கட்டுமாய்யா? வானம் ஒரு தினுசா கீது."

"கணுக்கால் தண்ணிக்கு அடுத்த வூட்டு மாடியா? மாத்திரையப் போட்டுகினு படு."

அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "யாரு கணுக்கால்யா அது, ஆனையோடதா?"

பத்து மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. ஒரு மணிக்குக் குளம் பாதி நிறைந்தது. குடையோடு வந்து பார்த்த நகர்வாசிகள் புதுத் தண்ணீரில் துளிகள் குதிப்பதைப் படம் எடுத்துக்கொண்டார்கள், சௌந்தரபாண்டியன் தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல அதைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டரைக்கு அது தளும்பி, வரைபடத்தில் போட்டிருந்தபடியே குழாயைக் கண்டுபிடித்து, மதகுத் தெருப் பக்கம் திரும்பியது. தன் மேடையிலிருந்து ஏகாம்பரம் அது போவதைப் பார்த்தார். கணுக்கால் என்று நினைத்துக்கொண்டார். சங்கத்தாரிடம், தெருப் பெண்களிடம், ரிப்பன் வெட்ட வந்தவர்களிடம் என்று நூறு வாய்க்குச் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் அவருக்கு ஏறி நிற்கிற தரையாகவே ஆகியிருந்தது. ஒரு கல்யாண வீட்டுச் சட்டைகள் இருந்தன. பதினோரு சட்டை தேய்த்தார். மேடை காய்ந்திருந்தது. நடுவில் எங்கோ யாரோ எவர்சில்வர் தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது, மழைச் சத்தத்தில் அது ஏதோ விளையாட்டுப்போல இருந்தது. பன்னிரண்டாவது சட்டையின் காலரைப் பிரித்து வைத்தபோதுதான், காலர் மட்டும் காய்ந்த நீலச் சட்டை நினைவுக்கு வந்து, அவர் கை நின்றது.

அவர் இறங்கிப் போகும்போது தெருவில் அவருக்கு மார்பளவு. தவுலத் பீவி மாடிக் கைப்பிடியில் சாய்ந்து தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தெருவில் நின்ற ஒவ்வொருவரையும் அப்படித்தான் மேலே கூப்பிட்டிருந்தாள். அம்சா எங்கே என்று அவரைக் கேட்டாள். எல்லாரும் வழக்கம்போல அவள் மேடையில் புருஷனோடு இருப்பாள் என்று நினைத்திருந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தண்ணி அவ்வளவு ஒண்ணும் இல்லையாம், அவ ஒசரத்துக்குக் கழுத்துதானாம், காலருக்கு மேல ஒரு விரல்கூட ஏறலையாம், நின்னவங்க அத்தனை பேரும் பொழைச்சாங்க.

பதினாறு முடிந்து தகரப் பெட்டியைத் திறந்தபோது அடியில் நீலச் சட்டை இருந்தது. போன மார்கழியில் நான்கு முறை தேய்த்து மடித்த சட்டை காலர்வரை நனைந்திருந்தது. அவர் அதை மேடைக்குக் கொண்டுபோய்த் தேய்த்தார். காய்ந்தது, கை எடுத்ததும் நனைந்தது. தினமும் முதல் துணியாக அதைத் தேய்த்துவிட்டுத்தான் ஊர்த் துணியைத் தொட்டார், தினமும் அது நனைந்தது. நகரில் அதற்குள் சுவர்களில் கணுக்காலுயரச் சேற்றுக் கோட்டைச் சுரண்டி, தைக்குள் புது வண்ணம் அடித்துவிட்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் ஏரி மறுபடி வந்தது. பூங்கா, முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது, மதகுத் தெரு, அதே உயரம். ஜெசிந்தாவும் வந்தாள், குளத்தைப் பெரிதாக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், மறுபடி அளக்க வேண்டும் என்று. முன்பு ஒட்டிய அதே இடத்தில் அதே அறிவிப்பை ஒட்டினாள். மறுநாள் விடிந்ததுமே மேடைக்கு மூட்டைகள் வந்தன. யாரும் காரணம் சொல்லவில்லை, ஏகாம்பரமும் கேட்கவில்லை. மரத்துக்குப் பின்னால் நிற்பவர்கள் இந்த முறையும் நின்றார்கள். மதகுத் தெருப் பெண்கள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர் பெட்டியில் கரி போடவில்லை.

ஒவ்வொரு துணியாக எடுத்து, காலரையோ விளிம்பையோ பிரித்து, அம்சாவின் குறியைப் பார்த்தார். முதல் குறுக்குத் தெருவின் துணிகளைப் பூங்கா வேலியின் வடக்கு முனையில் கட்டினார், அடுத்து இரண்டாவது தெரு, கடைசியில் தெற்கு மூலையில் மதகுத் தெரு. கட்டும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டார்: ஒரு துணியின் ஈரக் கோடு அடுத்த துணியின் கோட்டைத் தொட வேண்டும். அதனால் லுங்கிகளின் விளிம்பு மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கியது, கால்சட்டைகள் முழங்கால்வரை இறங்கின, சாலை சரியச் சரியத் துணிகள் கீழே கீழே போயின, கோடு மட்டும் சரியவில்லை. எட்டரை மணிக்கு வேலியின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை, இருநூறு வீட்டு உடுப்புகளுக்குக் குறுக்கே, ஏரி தன் மட்டத்தில் நின்றது.

ஆட்கள் கூடினார்கள். தன் துணி எது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது, ஆனால் போய் அவிழ்த்தால் கோடு தன்னுடையதாகிவிடும் என்பதால் ஒருவரும் தொடவில்லை. அடுத்தவர் துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று புள்ளியும் வாலும் போட்ட ஜிப்பாவுக்கு நேர் எதிரே நின்று சௌந்தரபாண்டியன் கேட்டார்:

"என்ன வேலை ஏகாம்பரம் இது?"

"காயப் போட்டிருக்கேன் சார்."

"மேடையை யோசிச்சியா?"

"கடைச் சாவி மேசை மேலேயே கீது சார்."

ஜெசிந்தா வடக்கு முனையிலிருந்து அளந்துகொண்டே வந்தாள், குறியையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு. தெற்கு மூலைக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கே கடைசியாக நீலச் சட்டை இருந்தது, காலரின் விளிம்பு கோட்டில் பொருந்த, மற்றதெல்லாம் கோட்டுக்குக் கீழே. அதில் குறி இல்லை. அம்சா தன் வீட்டுக்குக் குறி வைத்துக்கொண்டதில்லை.

"இது?"

ஏகாம்பரம் சட்டைக்குப் பக்கத்தில் போய் வேலியோடு முதுகு சாய்த்து நின்றார். கோடு அவருக்கு மார்பில் வந்தது. அவர் முழங்காலை மடக்கி மெல்லத் தாழ்ந்தார். கோடு தோளுக்கு ஏறி, கழுத்துக்கு வந்தது. அப்படியே நின்றார்.

அவள் டேப்பை வைத்தாள். பேனாவைத் திறந்தாள். பிறகு கேட்டாள்.

"கழுத்துன்னு எழுதிக்கட்டுமா அண்ணே?"

"இல்ல மேடம்." அவர் இன்னும் தாழ்ந்தார். கோடு மோவாயைக் கடந்து, மூக்கைக் கடந்து, தலைக்கு மேலே போயிற்று. அவர் புழுதியில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்தார்.

"அவ படுத்துகினு இருந்தா."

ஜெசிந்தா குனிந்து, தரையிலிருந்து மறுபடியும் அளந்தாள்.